மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் முன்: ஆய்வு நெறிமுறை, படி வரிசையில்

மாநாட்டு இணையதளத்தில் கட்டுரையை ஏற்றும்போது கடைசிப் பக்கத்தில் சில கட்டங்கள் வரும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றீர்களா? இதே கட்டுரை வேறெங்காவது பரிசீலனையில் இருக்கிறதா? ஆசிரியர்கள் எல்லோரும் சம்மதித்தார்களா? ஏஐ கருவி எதையாவது பயன்படுத்தினீர்களா? சேலத்தில் முதுநிலை, பிஎச்டி மாணவர்களின் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, இந்தக் கட்டங்களைப் பார்த்த பிறகுதான் பலருக்கு நெறிமுறை என்ற ஒன்றே நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் டிக் அடித்தால் பொய். அடிக்காவிட்டால் கட்டுரை போகாது.

கேள்விகள் கடைசியில் வந்தாலும் அவற்றுக்கான பதில்கள் பல மாதங்களுக்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். அதனால் எதைச் செய்வது என்பதைவிட, எதை எதற்கு முன்னால் செய்வது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம். வரிசை மாறினால் பின்னால் போய்ச் சரிசெய்ய முடியாத வேலை இது.

தொடங்கும் முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்கட்டும்: ஆய்வுத் திட்டத்தின் எழுத்து வடிவம், கைடின் கையெழுத்து, மாநாட்டின் விதிமுறைப் பக்கத்தின் பிடிஎஃப், தேதி போட்டு எழுதும் ஒரு நோட்டு. நோட்டு ஏன் என்பது 6ஆம் படியில் தெரியும்.

1. முதலில் மாநாட்டைச் சோதியுங்கள்

கட்டுரையை எழுதி முடித்த பிறகு மாநாட்டைத் தேடுவதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். பெயர் மறைத்து அனுப்புவதா, ஏஐ பயன்பாட்டை எங்கே சொல்வது, ஆர்க்சைவில் (வெளியாகும் முன்பே கட்டுரையை எல்லோரும் படிக்கப் போட்டுவைக்கும் தளம்) முன்பே போடலாமா என்பதில் ஒவ்வொரு மாநாட்டுக்கும் ஒரு விதி. விதி தெரியாமல் எழுதினால் இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணம், போலிகள். "48 மணி நேரத்தில் ஏற்பு, ஸ்கோபஸ் உறுதி" என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்கோபஸ் என்பது ஆய்வு வெளியீடுகளின் தரவுத்தளம். ஒரு மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பை அதில் சேர்ப்பதா என்று முடிவு செய்வது ஸ்கோபஸ். மாநாட்டுக்காரர்கள் முன்கூட்டியே உறுதி தர முடியாது. உறுதி தருகிறார்கள் என்றாலே சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது எளிது. சென்ற ஆண்டுத் தொகுப்பு பதிப்பாளரின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா பாருங்கள். ஐஈஈஈ (மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு) மாநாடு என்று சொன்னால் ஐஈஈஈயின் மாநாட்டுப் பட்டியலில் தேடுங்கள். குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. மின்னணுவியல், மேலாண்மை, யோகா, வேளாண்மை எல்லாம் ஒரே மாநாட்டில் இருந்தால் விலகிவிடுங்கள். (ஏற்காட்டு ரிசார்ட்டில் நடக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மாநாடு போலி ஆகிவிடாது. ஆனால் அழைப்பிதழில் படகுச் சவாரிக்கு இருக்கும் இடம் ரிவ்யூ முறைக்கு இல்லை என்றால் யோசியுங்கள்.)

போலியில் ஒருமுறை வெளியான கட்டுரை, வெளியானதுதான். அதையே பிறகு நல்ல இடத்துக்கு அனுப்பினால் அது இரட்டைப் பிரசுரம்.

2. உங்கள் ஆய்வு யாரைத் தொடுகிறது என்று எழுதிப் பாருங்கள்

"எங்களுடையது இன்ஜினியரிங், எங்களுக்கு எத்திக்ஸ் வராது." இதைக் கேட்காத மாதமே இல்லை. வகுப்பு நண்பர்களின் முகங்களைப் படம் எடுத்து வருகைப்பதிவு மென்பொருள் செய்தால், அது மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வு. யூடியூப் கருத்துகளை அள்ளி வகைப்படுத்தினாலும் அந்தக் கருத்துகளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டிலிருந்து எடுத்த எக்ஸ்ரே, நோயாளியை நீங்கள் நேரில் பார்க்காவிட்டாலும், அவருடையதுதான்.

காப்பி இலையில் துரு நோயைக் கண்டுபிடிக்கப் படம் எடுப்பவருக்கு மனிதர் தொடர்பான ஒப்புதல் வேண்டியிருக்காது. எஸ்டேட் உரிமையாளரின் அனுமதி வேண்டும். படத்தின் ஓரத்தில் பறிக்கும் பெண்களின் முகம் விழுந்தால் கதை மாறும்.

ஒரு தாளில் மனிதர், மனிதரின் பதிவேடு, விலங்கு, காடும் செடியும், பிறர் சேர்த்த தரவு என்று ஐந்து வரி போட்டு ஒவ்வொன்றுக்கும் நேரே ஆம், இல்லை எழுதுங்கள். "ஆம்" விழுந்த வரிகள்தான் உங்கள் அடுத்த வேலை.

3. எத்திக்ஸ் கமிட்டி: முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். தரவு சேர்த்த பிறகு பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடக்கப்போகும் ஆய்வால் கலந்துகொள்கிறவருக்குத் தீங்கு வருமா என்று முன்னால் பார்ப்பதற்குத்தான் கமிட்டி. நடந்து முடிந்ததற்கு ஒப்புதல் தருவதில் பொருளே இல்லை.

உயிர்மருத்துவம், உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்கு ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 தேசிய நெறிமுறை வழிகாட்டிதான் அடிப்படை. அதன்படி குழுவில் 7 முதல் 15 பேர்; தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர். ஆபத்தின் அளவைப் பொறுத்து, விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை என்று மூன்று வகை. புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது விலக்கைத்தான். உங்கள் ஆய்வுக்கு விலக்கு உண்டா என்று முடிவு செய்வது கமிட்டி. நீங்களோ உங்கள் கைடோ அல்ல. "விலக்கு" என்று எழுதிய கடிதம் கையில் வர வேண்டும். மாநாடு கேட்டால் காட்ட வேண்டியது அந்தக் கடிதம்.

உங்கள் கல்லூரியில் கமிட்டி இல்லையா? வேறொரு நிறுவனத்தின் கமிட்டியை ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்த ஐசிஎம்ஆர் வழிகாட்டி இடம் தருகிறது. அதற்கான கடிதப் போக்குவரத்தைத் துறைத்தலைவர் வழியாக முதலிலேயே தொடங்குங்கள். கமிட்டிகள் நாம் நினைத்தபோது கூடுவதில்லை. மாநாட்டுக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எழுத ஒரு மாதம், அலச ஒரு மாதம், களத்துக்கு எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சும் நாளுக்குள் கமிட்டி கூடப்போவதில்லை என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு மாநாட்டைக் குறிவையுங்கள்.

கமிட்டிக்கு ஆய்வுத் திட்டம், வினாப்பட்டியல், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், களத்து அனுமதிக் கடிதங்கள் போக வேண்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு என்றால் ஆஸ்பத்திரியின் அனுமதியும் கமிட்டியின் ஒப்புதலும் வேறு வேறு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைக்காதீர்கள். மருத்துவப் பரிசோதனை ஆய்வு (கிளினிக்கல் டிரையல்) என்றால் முதல் நபரைச் சேர்க்கும் முன்பே அத்தகைய ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு முடிந்திருக்க வேண்டும்.

4. சேர்வராயன் மலைக்குப் போவதாக இருந்தால்

ஏற்காடு பக்கத்தில் இருக்கிறது, காலை பஸ்ஸில் ஏறி மாலைக்குள் தரவோடு திரும்பிவிடலாம் என்ற நினைப்பு நிறையப் பேருக்கு. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் உடல்நலம் பற்றியோ மூலிகை பற்றியோ ஆய்வு செய்ய அது போதாது. பழங்குடிப் பகுதிக்குள் நுழையும் முன் மாவட்ட ஆட்சியர், பழங்குடியினர் நல அலுவலர் போன்ற உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று ஐசிஎம்ஆர் வழிகாட்டி சொல்கிறது. ஒப்புதல் பெறுவதை ஊர்ப் பெரியவர்களோடு கலந்து, அந்த மக்களின் பேச்சு வழக்கு தெரிந்தவர் துணையோடு, சாட்சி முன்னிலையில் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

ஊர்ப் பெரியவர் சரி என்றதும் ஊரே சரி என்றதாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. அவர் தருவது உள்ளே வந்து பேசுவதற்கான அனுமதி. பேசுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் "சரி" என்றால் அந்தச் சரிக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே யோசியுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. அப்போது போய் அவசரமாக வாங்கும் கையெழுத்தும் அப்படித்தான்.

செடி, விதை, பட்டை எடுப்பதாக இருந்தால் காப்புக்காட்டுக்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வெளிநாட்டு ஆய்வாளரோ நிறுவனமோ கூட்டு என்றால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே நிற்கும். இங்குள்ள உயிரி வளத்தையும் அதைச் சார்ந்த அறிவையும் அவர்கள் எடுத்துக்கொள்ளச் சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் முன் அனுமதி தேவை. மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காது.

ஒரு மூலிகை எதற்கு உதவும் என்று ஒரு பாட்டி சொன்னால் அது "கள ஆய்வில் தெரியவந்தது" அல்ல, அவர் சொன்னது. அந்த அறிவு எந்த மக்களுடையது என்று கட்டுரையில் எழுதுங்கள். தன் பெயர் வர வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பெயரை மறைப்பதுதான் எப்போதும் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம், சிலருக்குத் தங்கள் பெயர் அச்சில் வருவதுதான் மரியாதை.

அரிய ஆர்க்கிட் எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் புள்ளியோடு அச்சிடாதீர்கள். பிடுங்கிப் போக வருகிறவனும் கட்டுரை படிப்பான். செல்போன் படத்தின் கோப்புக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். அதையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

5. ஒப்புதல் படிவத்தைப் பேசுகிற தமிழில் எழுதுங்கள்

பெரும்பாலான படிவங்கள் ஆங்கிலத்திலிருந்து இறக்கியவை. "இவ்வாய்வில் எவ்விதக் கட்டாயமுமின்றித் தன்னார்வமாகப் பங்கேற்க இசைவளிக்கிறேன்" என்று இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறவரிடம் இதை வாசித்துக் காட்டினால் அவர் மனதில் ஓடுவது, இது எந்த ஆபீஸ் பேப்பர் என்பதுதான். ஒரு மாணவிக்கு அதை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: "பதில் சொல்லப் பிடிக்கலைன்னா சொல்ல வேண்டாம். பாதியில எழுந்து போனாலும் பரவாயில்லை. நீங்க என்ன சொன்னீங்கன்னு முதலாளிகிட்டயோ வேற யார்கிட்டயோ சொல்ல மாட்டோம்." கமிட்டி இதை ஏற்குமா என்று பயந்தார். ஏற்றது. கமிட்டிக்கு வேண்டியது எதிரே இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைரேகையோடு ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து என்றாலே ஒதுங்குகிற இடங்களில் வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்த வழியைக் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றிருக்க வேண்டும். களத்தில் போய் முடிவு செய்வதல்ல. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் அவசியம்.

படம் எடுக்கவும் குரல் பதிவு செய்யவும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். பேசச் சம்மதித்தவர் படத்துக்கும் சம்மதித்தார் என்று ஆகாது. கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பதும் பழைய நம்பிக்கை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு அது போதாது என்றே சொல்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பு மாணவர்களிடம் நீங்களே கூகுள் ஃபார்ம் கொடுத்தால், இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்? வேறு துறை ஆள் வழியாகக் கொடுங்கள். ஃபார்மில் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதியை அணைத்துவையுங்கள்.

6. தரவு: பெயரை எடுத்தால் மட்டும் போதாது

எக்செல் தாளில் பெயர்ப் பத்தியை அழித்துவிட்டு "அடையாளம் நீக்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள். "சிவதாபுரம், 52 வயது, பெண், பட்டறை உரிமையாளர்" என்று அட்டவணையில் இருந்தால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஆள் தெரியும். மலை ஊர்களில் இன்னும் மோசம். சில ஊர்களில் வீடுகளே குறைவு. வயதை வரம்பாக மாற்றுங்கள், ஊரை வட்டாரமாக மாற்றுங்கள், ஒரே ஒருவர் இருக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள். முடித்ததும் அந்த ஊர் தெரிந்த ஒருவரிடம் காட்டி, யாராவது தெரிகிறார்களா என்று கேளுங்கள். இதைவிட நல்ல சோதனையை எந்த மென்பொருளும் தராது.

பெயரும் எண்ணும் இருக்கும் சாவிக் கோப்பு ஒரு இடத்தில், தரவு வேறு இடத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே கூகுள் டிரைவ் கோப்புறையில் வைத்து இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆதார் எண்ணை வாங்கவே வாங்காதீர்கள். ஆய்வுக்கு அது எதற்கு?

இனி நோட்டு. எந்த அளவீட்டை ஏன் விட்டீர்கள், எந்தப் பதிலை ஏன் நீக்கினீர்கள் என்று அன்றன்றே தேதியோடு எழுதுங்கள். விலகி நிற்கும் எண்ணை நீக்குவது தவறல்ல. முடிவு அழகாக வருவதற்காக நீக்கிவிட்டு, நீக்கியதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. ரிவ்யூவர் கேட்கும் நாளில் உங்களுக்கு நினைவிருக்காது, நோட்டுக்கு இருக்கும்.

7. ஆசிரியர் பட்டியல்: எழுதத் தொடங்கும் முன்

பேச வேண்டிய நேரத்தில் பேசாததால் அதிகம் மனக்கசப்பு வரும் இடம் இது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: திட்டமிடுவதிலோ தரவிலோ அலசலிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். மற்ற துறைகளிலும் பெரும்பாலான மாநாடுகளின் விதி இதை ஒட்டித்தான் இருக்கும்.

ஆய்வகத்தைத் திறந்துவிட்டவர், பணம் ஏற்பாடு செய்தவர், துறைத்தலைவர் என்பதால் மட்டும் ஒருவர் ஆசிரியர் ஆகமாட்டார். அவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு. மறுபக்கம், களத்தில் அலைந்து தரவை அலசி எழுதியும் கொடுத்த ஜூனியரின் பெயரை விட்டுவிடுவதும் அதே அளவு தவறு.

இதைச் சார் முன்னால் எப்படிப் பேசுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நேராக எதிர்க்க வேண்டாம். "சார், மாநாட்டுத் தளத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் என்ன செய்தார் என்று கேட்கிறார்கள், உங்கள் பங்கை ஒரு வரி சொன்னீர்கள் என்றால் நிரப்பிவிடுகிறேன்" என்று கேளுங்கள். எழுத ஒரு வரியும் இல்லாதவர் சில சமயம் தானே விலகிவிடுவார். எப்போதும் அல்ல. அப்படி விலகாவிட்டால், பங்கு விவரத்தைப் பொய்யில்லாமல் எழுதிவையுங்கள். மாணவரால் முடிவது அவ்வளவுதான் என்ற நிலை இங்கே இருக்கத்தான் செய்கிறது.

முடிவான வரிசையை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு பெயர் சேர்க்கப் பல மாநாடுகள் அனுமதிப்பதில்லை.

8. எழுதும்போது: ஒப்புமை அறிக்கையும் ஏஐயும்

"பிறர் எழுத்தோடு ஒத்துப்போவதை எத்தனை சதவீதம் வரை விடுவார்கள்?" என்ற கேள்வியே கோணலானது. யூஜிசியின் 2018 விதிமுறை 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. 10 முதல் 40, 40 முதல் 60, 60க்கு மேல் என்று அடுத்தடுத்த நிலைகளுக்கு நடவடிக்கை கடுமையாகும். அது கல்வி நிறுவனங்களுக்கான அளவுகோல். மாநாட்டு ரிவ்யூவர் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை. 6 சதவீதம்தான், ஆனால் அந்த 6ம் ஒரே கட்டுரையின் முடிவுரையிலிருந்து வந்தது என்றால் அது திருட்டுத்தான்.

சதவீதத்தைக் குறைக்கச் சொல்மாற்றுக் கருவியில் போட்டு எடுப்பவர்கள் கவனிக்க: "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்பது "கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்" ஆகவும், "பிரெஸ்ட் கேன்சர்" என்பது "புஸம் பெரில்" ஆகவும் வெளிவந்திருக்கின்றன. இந்த மாதிரிச் சொற்றொடர்களைத் தேடிப்பிடித்துக் கட்டுரைகளை அம்பலப்படுத்தும் ஆய்வாளர்கள் 2021 முதல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கல். வரைவை டர்னிடினில் (ஒப்புமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) சோதிக்கும்போது களஞ்சியத்தில் சேமிக்காத தேர்வைப் போடச் சொல்லுங்கள். சேமித்துவிட்டால், பிறகு மாநாட்டுக்காரர் சோதிக்கையில் உங்கள் கட்டுரையோடு உங்கள் கட்டுரையே ஒத்துப்போய்ச் சதவீதம் எகிறும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை ஆங்கிலம் திருத்தப் பயன்படுத்துவதைப் பல மாநாடுகள் அனுமதிக்கின்றன. எங்கே, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லக் கேட்கின்றன. ஏஐயை ஆசிரியராகப் போட முடியாது, ஏனென்றால் அது பொறுப்பேற்க முடியாது. அது தரும் மேற்கோள் கட்டுரைகளில் இல்லாதவையும் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். நீங்கள் படிக்காததை மேற்கோள் காட்டாதீர்கள். பேட்டி எழுத்துப்படிகளை அப்படியே ஏஐயில் ஒட்டுவது 5ஆம் படியில் நீங்கள் கொடுத்த வாக்கை மீறுவது. இது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

9. ஒரு நேரத்தில் ஒரே இடம்

ஒரே கட்டுரையை இரண்டு மாநாட்டுக்கு அனுப்பி எது முதலில் ஏற்கிறதோ அதற்குப் போவது தந்திரம் அல்ல, விதிமீறல். இரண்டு இடத்துக்கும் ஒரே ரிவ்யூவர் வருவது சிறு துறைகளில் சாதாரணம். விலகுவதாக இருந்தால், விலகல் ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சல் வந்த பிறகே அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

மாநாட்டுக் கட்டுரையை விரித்து இதழுக்கு அனுப்பலாம். புதிய உள்ளடக்கம் கணிசமாக இருக்க வேண்டும், பழையதைக் குறிப்பிட வேண்டும், இதழ் ஆசிரியருக்குக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே தரவை மூன்றாக நறுக்கி மூன்று கட்டுரை ஆக்குவதை இங்கே திறமை என்கிறார்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் ரிவ்யூவர் அப்படிச் சொல்லமாட்டார்.

10. அனுப்பும் நாள்

பெயர் மறைத்து அனுப்ப வேண்டிய மாநாடு என்றால் முதல் பக்கத்தில் பெயரை எடுப்பது தொடக்கம்தான். கோப்பின் உள்விவரங்களில் உங்கள் பெயர் இருக்கும். நன்றியுரை, கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் தளம்) இணைப்பு, "எங்கள் முந்தைய ஆய்வில்" என்ற வரி எல்லாம் காட்டிக்கொடுக்கும். ஒப்புதல் எண்ணில் கல்லூரிப் பெயரின் சுருக்கம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். "ஆசிரியர்களின் நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது" என்று மட்டும் இப்போது எழுதி, எண்ணை இறுதிப் பிரதியில் சேருங்கள்.

நலன் முரண் (உங்கள் கட்டுரையை மதிப்பிடுவதில் பாரபட்சம் வரக்கூடியவர்கள்) பகுதியில் கைடு, சமீபத்திய இணை ஆசிரியர்கள், ஒரே நிறுவனத்தவர் எல்லோரையும் குறிப்பிடுங்கள். பரிந்துரைக்கும் ரிவ்யூவராக நண்பரின் பெயரைத் தராதீர்கள்.

கடைசி நேரம் "ஏஓஈ" (எனிவேர் ஆன் எர்த், உலகில் எங்காவது அந்தத் தேதி இருக்கும் வரை) என்று போட்டிருந்தால், இரவு 11.59 என்பது நமக்கு மறுநாள் மாலை 5.29. இது தெரியாமல் நள்ளிரவில் அரைகுறையாக, கட்டங்களைப் படிக்காமல் டிக் அடித்து அனுப்பியவர்கள் உண்டு.

11. முடிவு வந்த பிறகு

ஏற்கப்பட்டால் ஒப்புதல் எண், நிதி விவரம், ஏஐ குறிப்பு, நன்றியுரை ஆகியவற்றைத் திரும்பச் சேருங்கள். ரிவ்யூவர் கேட்ட திருத்தத்தைத் தவிர முடிவுகளில் எதையும் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். பதிவுக் கட்டணம் கட்டிவிட்டுப் போகாமல் இருந்தால் கட்டுரையைத் தொகுப்பிலிருந்து விலக்கும் உரிமை ஐஈஈஈ மாநாடுகளுக்கு உண்டு. போக முடியாவிட்டால் இணை ஆசிரியர் ஒருவரை அனுப்ப முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

நிராகரிக்கப்பட்டால், ரிவ்யூவர் சுட்டிய நெறிமுறைக் குறையைச் சரிசெய்யாமல் அடுத்த மாநாட்டுக்குத் தள்ளாதீர்கள்.

கட்டுரை ஏற்கப்பட்ட பின் கணக்கில் பிழை தெரிந்தால் அன்றே நிகழ்ச்சிக் குழுத் தலைவருக்கு எழுதுங்கள். எந்த அட்டவணை, பழைய எண் எது, சரியான எண் எது, முடிவு மாறுகிறதா இல்லையா, இந்த நான்கும் கடிதத்தில் இருந்தால் போதும். வெளியான பிறகு தெரிந்தால் அதே கடிதம் பதிப்பாளருக்கும் போக வேண்டும், இணை ஆசிரியர்கள் எல்லோருக்கும் நகலோடு.